இருநூற்றுப் பன்னிரண்டாவது கடிதம்

மீட்டர் அக்கா ஐந்து நாவல் எழுதியவர். அவற்றை முழுதாகப் படித்தவர்களை ஒரே வேனில் ஏற்றிவிடலாம். டிரைவருக்குப் பக்கத்து இருக்கைகூடக் காலியாகத்தான் இருக்கும். ஆனால் அவர் நாளிதழுக்கு எழுதிய கடிதங்களைப் படிக்காத வீடு அந்த ஊரில் குறைவு. பேப்பரில் மரண அறிவிப்புக்கு அடுத்தபடியாக ஜனங்கள் தேடிப் படித்தது அதைத்தான். இதைச் சொன்னால் அக்காவுக்குச் சுருக்கென்று வரும். "அப்போ என் நாவலெல்லாம் என்னவாம்?" என்பார். என்னவென்று சொல்வது? நல்ல நாவல்கள்தான். அட்டைதான் கொஞ்சம் மோசம்.

இருபத்தாறு வருஷம் நகராட்சியின் குடிநீர்ப் பிரிவில் மீட்டர் படித்தவர் என்பதால் அந்தப் பெயர். வாசல் ஓரத்துக் குழியின் இரும்பு மூடியைத் தூக்கி, உள்ளே குடியிருக்கும் தவளையிடமும் பூரானிடமும் அனுமதி வாங்கிக்கொண்டு, மீட்டர் கண்ணாடியைத் துடைத்து, எண்ணைப் படித்துக் கைநோட்டில் குறிக்க வேண்டும். அதுதான் வேலை. குனிந்து குனிந்து இடுப்பு போயிற்று, ஆனால் கண் கூர்மையாயிற்று. ஒரு வீட்டில் தண்ணீர் ஓட்டம் திடீரென்று குறைந்தால் யாரோ கோபித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். கூடினால் குழந்தை பிறந்திருக்கிறது, இல்லாவிட்டால் மாமியார் வந்து இறங்கியிருக்கிறார். இப்படி ஊராரின் குடும்பக் கதையெல்லாம் அவருக்கு எண்ணாகத் தெரியும். நாவல்கள் அங்கிருந்து வந்தவைதான்.

கடிதம் எழுத ஆரம்பித்தது தற்செயல். முதல் நாவலுக்கு ஏழு வருஷம் பிடித்தது. ஒரே ஒரு மதிப்புரை வந்தது, அதிலும் கதாநாயகியின் பெயரைத் தப்பாகப் போட்டிருந்தார்கள். அதே வாரம் ஆஸ்பத்திரி ரோட்டில் பகலெல்லாம் எரிந்துவிட்டு இருட்டினதும் அணைந்துபோகிற ஒரு தெருவிளக்கைப் பற்றி எரிச்சலில் பேப்பருக்கு ஒரு கடிதம் போட்டார். கடிதத்தை நான்கு வரியாக வெட்டிப் போட்டார்கள். ஒன்பதாம் நாள் விளக்கு ஒழுங்காக எரிந்தது.

"பாத்தியா," என்றார் அவருடைய கணவர். பள்ளிக்கூட சோதனைக்கூடத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்ற மனிதர். எதையும் அளந்து ஊற்றிப் பழகினவர், பேச்சையும் சேர்த்து. "ஏழு வருஷத்துக்கு ஒரு பல்பு எரியலை. நாலு வரிக்கு எரியுது."

அக்கா அவரை முறைத்தார். ஆனால் அன்று ராத்திரியே இரண்டாவது கடிதத்துக்கு உட்கார்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகு இருபது வருஷமாக, நாவல்களுக்கு நடுவிலும், கடிதங்கள்தான். தபால்பெட்டியில் எழுதியிருக்கும் நேரத்துக்கு அரை மணி முன்னாலேயே கடிதங்களை அள்ளிக்கொண்டு போகிறார்கள் என்று ஒன்று. மருந்து வாங்கக் காத்திருப்பவர்களின் பெஞ்சைப் போயும் போயும் வெயில் விழுகிற பக்கத்தில் போட்டது யார் என்று ஒன்று. நூலகத்தில் பெண்கள் பகுதிக்கு மேலே உள்ள மின்விசிறி சுற்றுவதில்லை, ஆனால் சத்தம் மட்டும் போடுகிறது என்று எழுதிய கடிதத்தை நூலகர் வெட்டிச் சட்டம் போட்டு வைத்தார், விசிறியும் வந்தது. சிலது நடந்தது, பலது நடக்கவில்லை. மூன்றாம் வார்டு நடைபாதைக்குப் பதினான்கு கடிதம் எழுதியும் அது இன்றைக்கும் குண்டும் குழியும்தான். ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டு நகல் வைத்திருந்தார். கடிதப் பக்கம் செவ்வாய்க்கிழமைகளில் வரும் என்பதால் பத்திரிகை ஆபீசில் அவருக்குச் 'செவ்வாய்க்கிழமை அம்மா' என்று பெயர். நகராட்சி ஆபீசில் வைத்திருந்த பெயர் வேறு. அது இங்கே வேண்டாம்.

அவரிடம் ஒரு சட்டம் இருந்தது: கண்ணால் பார்க்காததை எழுதுவதில்லை. போவார், நிற்பார், பார்ப்பார், தேதியும் மணியும் கைநோட்டில் குறித்துக்கொள்வார். எழுதியதும் கணவரிடம் கொடுத்து, அதிகாரி படிக்கிற மாதிரி குரலை உயர்த்திப் படிக்கச் சொல்வார். அவர் எங்கே நிறுத்தி "இதுக்கு என்ன ஆதாரம்?" என்று கேட்கிறாரோ அங்கே திருத்துவார். ஒரு கடிதத்துக்கு நான்கு தடவையாவது இது நடக்கும். அதனால்தான் அவர் கடிதத்துக்கு மட்டும் யாராலும் மறுப்பு எழுத முடிந்ததில்லை.

அந்தச் சட்டத்தை அவர் ஒரே ஒரு தடவை மீறினார். அந்தக் கதைதான் இது.

பேருந்து நிலையத்தில் ஆறாம் நடைமேடைக்குப் பின்னால் பெண்கள் கழிப்பறை ஒன்று இருந்தது. ஆறு மாதமாகப் பூட்டு. கதவில் 'பராமரிப்பில் உள்ளது' என்று ஒரு அட்டை. அந்த அட்டையே பராமரிப்பில்லாமல் சாயம் போயிருந்தது. ஆண்கள் கழிப்பறை மட்டும் ஜோராகத் திறந்திருந்தது. போதாக்குறைக்கு, பெண்கள் பக்கத்தை இடித்துவிட்டு பைக் நிறுத்துமிடம் கட்டலாம் என்று நகராட்சியின் மாதக் கடைசிக் கூட்டம் ஒன்றில் சீக்கிரமே தீர்மானம் வரப்போவதாகப் பேச்சு. அக்கா கொதித்துப்போனார். இருநூற்று ஒன்பது, இருநூற்றுப் பத்து என்று இரண்டு கடிதம் போனது. தேதி, மணி, பூட்டின் நிறம் வரை எழுதினார். இரண்டும் வெளியாயின. ஒரு ஈ காக்கை அசையவில்லை.

கடிதப் பக்கத்துக்காரர் ஃபோன் செய்தார். இருபது வருஷமாக அக்காவின் கடிதங்களை வெட்டியவர் அவர்தான். வருஷம் முழுக்க ஜலதோஷம் பிடித்த குரல்.

"அம்மா, தப்பா நினைக்காதீங்க. விவரமெல்லாம் சரியா இருக்கு. ஆனா ரிப்போர்ட் மாதிரி இருக்கு. நடுவுல ஒரு ஆள் வேணும். கஷ்டப்படற ஒரு ஆள் முகம் தெரிஞ்சா படிக்கிறவங்களுக்குச் சுடும்."

போய் ஒருவரைப் பார்த்துப் பேசுங்கள் என்பதுதான் அவர் சொன்னதன் அர்த்தம். அக்காவின் காதில் விழுந்ததும் அதுவேதான். ஆனால் அன்று மழை, இடுப்பு வலி வேறு. மேஜை முன்னால் உட்கார்ந்தார். உள்ளே தூங்கிக்கொண்டிருந்த நாவலாசிரியர் சோம்பல் முறித்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

அரை மணியில் ஒரு பெண் பிறந்தாள். பேருந்து நிலையக் கவுண்டர் ஒன்றில் வேலை. காலையில் பள்ளிக்கூடம் போகும் மகள் பாட்டில் நிறையத் தண்ணீர் பிடித்துக் கொடுத்து, "முழுசாக் குடிக்கணும்" என்று மிரட்டி அனுப்புகிறாள். அம்மா ஒரு வாய் குடிப்பதில்லை. குடித்தால் எங்கே போவது? சாயங்காலம் வீடு திரும்பும் முன், மகள் பாட்டிலைத் தூக்கிப் பார்ப்பாளே என்று, அத்தனை தண்ணீரையும் ஆறாம் நடைமேடைத் தூணடியில் ஊற்றிவிட்டுப் போகிறாள். எழுதி முடித்தபோது அக்காவுக்கே கண் கலங்கியது. தான் உண்டாக்கியதற்குத் தானே அழுகிற ஜாதி இந்த எழுத்தாளர் ஜாதி.

இருநூற்றுப் பதினோராவது கடிதம் ஒரு வரிகூட வெட்டப்படாமல், கட்டம் கட்டி, பக்கத்தின் உச்சியில் வந்தது.

ஊரே பேசியது. மருந்துக்கடையில், வங்கியில், பல் டாக்டரின் நாற்காலியில் வாயைத் திறந்தபடி கிடந்தவர்கூட அதைப் பற்றிப் பேச முயன்றாராம். முன்பின் தெரியாதவர்கள் ஃபோன் செய்து, "என்னா எழுத்தும்மா!" என்றார்கள். ஐந்து நாவலுக்கும் சேர்த்து ஒருத்தரும் சொல்லாத வார்த்தை. அக்கா அந்த வாரம் தரையில் நடக்கவில்லை என்பதை ஒளிக்க வேண்டியதில்லை.

"யாரு இந்தப் பொம்பளை? அன்னிக்கு நாம போனப்ப இப்படி யாரையும் பாக்கலையே," என்றார் கணவர்.

"இருக்காங்க."

அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு நகம் வெட்டப் போனார்.

எட்டாம் நாள் மறுப்பு வந்தது. பேருந்து நிலைய சூப்பரின்டெண்ட் கையெழுத்திட்டது. நிலையத்தில் பணிபுரியும் பதினோரு பெண்களையும் விசாரித்ததில், கடிதத்தில் கண்டபடி யாரும் இல்லை என்று பதினோரு பேரும் எழுத்துமூலம் தெரிவித்துள்ளனர். மேற்படி கழிப்பறை தினமும் காலை ஆறிலிருந்து பத்து வரை திறக்கப்பட்டு, தண்ணீர் விட்டுக் கழுவப்படுகிறது. எனவே கடிதம் முழுக்க முழுக்கக் கற்பனை.

கழுவுகிற விஷயம் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று அக்காவுக்குத் தெரியும். ஆனால் கடைசி வரி உண்மையாயிற்றே! அதற்குள் ஃபோன் அடித்தது.

"அம்மா," என்றது ஜலதோஷக் குரல், "அந்தப் பொண்ணு பேரை நீங்க சொல்ல வேண்டாம். இருக்காங்களா இல்லையா, அது மட்டும் போதும். நான் மேல பதில் சொல்லணும்."

"நாளைக்குச் சொல்றேனே."

இருபது வருஷத்தில் அக்கா ஒரு பதிலுக்கு அவகாசம் கேட்டது அதுதான் முதல் தடவை. அவருக்கும் புரிந்திருக்கும். மூக்கை உறிஞ்சிவிட்டு வைத்துவிட்டார்.

மறுநாள் காலை அக்கா பேருந்து நிலையத்துக்குப் போனார். எதற்கு என்று கேட்டால் வெட்கம்தான்: பொய்க்கு ஒரு ஆள் தேட. பதினோரு பேரில் ஒருத்தியாவது அந்த மாதிரி இருந்துவிட்டால் பொய் மெய்யாகிவிடும் அல்லவா? டிக்கெட் கவுண்டர் பெண் அவரைக் கண்டதும் கண்ணாடி ஜன்னலைச் சாத்தினாள். விசாரணைக் கவுண்டர் பெண் டீ குடிக்கப் போய்விட்டாள், கையில் டீ இருக்கும்போதே. பயணிகள் சாமான்களை வைத்துவிட்டுப் போகும் லக்கேஜ் ரூமில் ஒரு ஆண் உட்கார்ந்திருந்தார். வழக்கமாக அங்கே ஒரு பெண் இருப்பாள் என்பது அக்காவுக்கு நினைவிருந்தது.

அந்தப் பெண் எதிரே நான்காம் நடைமேடை பெஞ்சில் இருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். மடியில் ஒரு பை, பைக்குள்ளிருந்து பாட்டில் மூடி எட்டிப் பார்த்தது. அக்காவைப் பார்த்ததும் எழுந்து நின்றாள், மரியாதைக்கு இல்லை.

"நீங்கதானே அந்தக் கடிதம் எழுதினவங்க? பேப்பர்ல உங்க ஃபோட்டோ பாத்திருக்கேன். எங்கிட்ட ஒண்ணு சொல்லுங்க. உங்களுக்கு யாரு சொன்னது?"

"எதைம்மா?"

"என்னைப் பத்தி. நான் தண்ணியைக் கொட்டறது யாருக்கும் தெரியாது. எம் பொண்ணுக்குக்கூடத் தெரியாது. தூணடியில இல்ல, அந்தச் செடித்தொட்டியில ஊத்துவேன். அது ஒண்ணுதான் நீங்க மாத்தி எழுதியிருக்கீங்க. யாரு பாத்துட்டுச் சொன்னது?"

அக்கா பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"அப்புறம் ஏம்மா நீ இங்க உக்காந்திருக்கே?"

"வேற எங்க உக்காரறது? விசாரணை முடியற வரைக்கும் வேலைக்கு வராதேன்னுட்டாங்க. நான் டெம்பரவரி. பதினோரு பேரும் நாங்க இல்லேன்னு எழுதிக் குடுத்தோம். ஆனா ஸ்கூல் போற பொண்ணு எனக்கு ஒருத்திக்குத்தான் இருக்கு. 'நீதான் அந்தம்மாகிட்ட வத்தி வெச்சிருக்கே'ன்னு சூப்பரின்டெண்ட் முடிவே பண்ணிட்டாரு. வீட்ல இன்னும் சொல்லலை. காலையில கிளம்பி வந்து சாயங்காலம் வரைக்கும் இங்கயே இருக்கேன்."

அந்த மகளை அக்கா போட்டது ஏன் தெரியுமா? கடிதத்துக்கு ஒரு ஈரம் வேண்டும் என்று. அந்த ஈரம்தான் இவளைக் காட்டிக் கொடுத்திருக்கிறது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பினால் வெட்டினவன் தலையில் கை வைக்கும், அது நியாயம். இங்கே பூதம் பக்கத்து வீட்டுக்காரியைப் பிடித்திருந்தது.

"யாரும் சொல்லலம்மா," என்றார் அக்கா. "நானா கற்பனை பண்ணினேன்."

அந்தப் பெண் பையைப் பெஞ்சில் வைத்தாள்.

"கற்பனையா?"

"ஆமா."

"அப்ப அதைப் போய் அவங்ககிட்ட சொல்லுங்க. யாரும் சொல்லலை, நானா எழுதினேன்னு."

"சொல்லிட்டா அந்தப் பூட்டைத் திறக்கவே மாட்டாங்களேம்மா. இடிச்சுடுவாங்க."

"இப்ப மட்டும் திறந்தா கிடக்கு?" என்றாள் அவள். "எனக்கு வேலை வேணும். தண்ணி குடிக்காம எட்டு மாசம் இருந்துட்டேன், இன்னும் இருந்துக்கறேன். வேலை இல்லாம எட்டு நாள் இருக்க முடியாது."

அக்கா எழுந்தார். போகும் வழியில் கால் தானாக ஆறாம் நடைமேடைக்குப் பின்னால் திரும்பியது. பூட்டு அப்படியே இருந்தது. பக்கவாட்டுச் சுவர் ஓரம், பெண்கள் பக்கத்துக்கு மட்டுமான தண்ணீர் மீட்டர்க் குழி. இருபத்தாறு வருஷப் பழக்கம் விடுமா? குனிந்து மூடியைத் தூக்கினார், கண்ணாடியைத் துடைத்தார், படித்தார். 04417.

பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. பையிலிருந்த கைநோட்டை எடுத்துப் புரட்டினார். இரண்டு மாதத்துக்கு முன், இருநூற்று ஒன்பதாவது கடிதத்துக்காக வந்த அன்று, தேதி, மணி, பூட்டின் நிறம், எல்லாவற்றுக்கும் கீழே, கை பழக்கத்தில் குறித்தது: 04417. இரண்டு மாதமாக அந்தக் குழாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் போகவில்லை. தினமும் எதை விட்டுக் கழுவினார்களாம், கண்ணீரையா? அன்றைக்கே இந்த எண்ணைக் கடிதத்தில் போட்டிருக்கலாம். அழகாக இல்லை என்று விட்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னார். ஒன்றையும் விடவில்லை.

"வெண்ணெயைக் கையில வெச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்சிருக்கே," என்றார் அவர். பிறகு, "அந்தப் பொம்பளை கற்பனைன்னு எனக்குத் தெரியும்."

"எப்படி?"

"நிசத்தை எழுதினா நாலு தடவை எங்கிட்ட படிக்கச் சொல்லுவே. அதை ஒரு தடவைகூடச் சொல்லலை."

அக்காவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. அவர் ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார், சரியாக முக்கால் அளவு.

இருநூற்றுப் பன்னிரண்டாவது கடிதத்துக்கு இரண்டு நாள் பிடித்தது. முதல் வரைவில், "நான் சொல்ல வந்த உண்மையின் வடிவமாகவே அந்தப் பெண்ணைப் படைத்தேன்" என்று ஒரு வாக்கியம் இருந்தது. கணவர் அதிகாரிக் குரலில் அதைப் படித்துவிட்டு, "இதுக்கு என்ன ஆதாரம்?" என்றார். அக்கா அந்த வரியை அடித்தார். அடுத்த வரைவில் இடுப்பு வலியும் மழையும் இருந்தன. அதையும் அடித்தார். கடைசியில் மிஞ்சியது இதுதான்:

"சென்ற கடிதத்தில் நான் எழுதிய பெண்ணை நான் பார்க்கவில்லை. நானாக உண்டாக்கினேன். பேருந்து நிலைய ஊழியர் யாரும் என்னிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அதற்காக யாரையாவது தண்டித்திருந்தால் அது என் குற்றத்துக்கு இன்னொருவர் பெறும் தண்டனை. நான் வாசகர்களிடமும் அந்த ஊழியர்களிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். இனி நான் பார்த்தது. அந்தக் கழிப்பறையின் தண்ணீர் மீட்டர் இரண்டு மாதத்துக்கு முன் காட்டிய எண் 04417. இந்த வாரம் காட்டும் எண் 04417. மீட்டர் பழுது என்று சொல்வார்களானால், அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் முன் திறந்து காட்டட்டும்."

கணவர் நான்காம் தடவை படித்தபோது அதிகாரிக் குரல் பாதியில் உடைந்து சொந்தக் குரல் வந்துவிட்டது. "இதுல கேக்கறதுக்கு ஒண்ணுமில்லை," என்று காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

தபாலில் போடாமல் அக்காவே நேரில் எடுத்துக்கொண்டு போனார். கடிதப் பக்கத்துக்காரரின் மேஜை, பழைய பேப்பர்க் கட்டுகளுக்கும் ஒரு டிஷ்யூ டப்பாவுக்கும் நடுவில் இருந்தது. இருபது வருஷமாகக் குரலில் மட்டும் தெரிந்த மனிதருக்குத் தலையில் முடி இவ்வளவு குறைவாக இருக்கும் என்று அக்கா நினைத்திருக்கவில்லை. அவர் இரண்டு முறை படித்தார்.

"இதைப் போட்டா உங்க கடிதம் எதையும் இனி போட விடமாட்டாங்கம்மா."

"தெரியும்."

"முதல் பத்தியைக் கொஞ்சம் தணிச்சு, ரெண்டு வரி வெட்டட்டுமா?"

"இத்தனை வருஷம் நீங்க வெட்டினப்ப நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கேனா? இதுல ஒரு எழுத்தைத் தொடாதீங்க."

அவர் தொடவில்லை. கடிதம் வந்தது, கீழே பத்திரிகையின் குறிப்போடு: நேர்ந்ததற்கு வருந்துகிறோம், இவரது கடிதங்கள் ஓராண்டுக்கு வெளியிடப்பட மாட்டா.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? "என்னா எழுத்தும்மா" என்று புகழ்ந்த அதே வாய்கள், "சரியான புளுகு" என்றன. மருந்துக்கடைக்காரர் மாத்திரையை எடுத்துக் கொடுக்கும்போது, "தலைவலி நிசமாவே இருக்குங்களா அம்மா?" என்று கேட்டார். சிரிப்புக்குத்தான் கேட்டார். அக்கா சிரித்தார். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டார். அடுத்த செவ்வாய்க்கிழமை பேப்பரில் கடிதப் பக்கத்தைத் திறக்காமலே மடித்து வைத்தார். தன் வாழ்க்கையில் ஊருக்கு உபயோகமாக இருந்த ஒரே காரியத்தைத் தானே கெடுத்துக்கொண்டதாக நினைத்தார். அப்படி நினைக்க அவருக்கு எல்லாக் காரணமும் இருந்தது. ஒரே ஆறுதல், லக்கேஜ் ரூம் பெண்ணை மூன்றாம் நாளே வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள் என்று கணவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னது.

அந்தத் தீர்மானம் வரவிருந்த மாதக் கடைசிக் கூட்டத்துக்கு இரண்டு நாள் இருந்தது. அதுவும் ஒரு செவ்வாய்க்கிழமை. கணவர் வழக்கம்போல் பேப்பரைப் பிரித்தவர், கடிதப் பக்கத்தில் அப்படியே நின்றுவிட்டார். பிறகு, யாரும் கேட்காமலே, உரக்கப் படித்தார். அதிகாரிக் குரலில் இல்லை.

"நான் பேருந்து நிலைய லக்கேஜ் ரூமில் வேலை செய்கிறேன். அந்த அம்மா எழுதிய பெண் கற்பனை என்று அவரே எழுதிவிட்டார். அது கற்பனையாக இருக்கட்டும். நான் இருக்கிறேன். எட்டு மாதமாக நான் வேலை நேரத்தில் தண்ணீர் குடிப்பதில்லை. என் மகள் கொடுத்து அனுப்பும் தண்ணீரை நான்காம் நடைமேடைச் செடித்தொட்டியில் ஊற்றுகிறேன். இந்தப் பேருந்து நிலையத்தில் மொத்தம் பன்னிரண்டு தொட்டி. பதினொன்றில் செடி காய்ந்துவிட்டது. ஒன்றில் மட்டும் என் இடுப்பு உயரம் வளர்ந்திருக்கிறது. சந்தேகம் உள்ளவர்கள் வந்து பார்க்கலாம். நாங்கள் யாரும் இல்லை என்று முன்பு பயத்தில் எழுதிக் கொடுத்த பதினோரு பேரும் இதில் கையெழுத்திட்டிருக்கிறோம்."

கீழே பதினோரு பெயர்கள், வேலையோடு.

அக்கா பேப்பரை வாங்கித் தானே ஒரு தடவை படித்தார். இருபது வருஷமாகக் கடிதம் எழுதுகிறவருக்குத் தெரியாதா, இதில் வெட்டுவதற்கு ஒரு வார்த்தைகூட இல்லை என்று? கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டியதுதான்.

ஜனங்கள் நிசமாகவே செடியைப் பார்க்கப் போனார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு வகுப்பே வந்து வரிசையில் நின்று பார்த்ததாம். பதினோரு பேரை ஒரே நாளில் வேலையை விட்டு நிறுத்தினால் பேருந்து நிலையத்தை யார் நடத்துவது? குடிநீர்ப் பிரிவிலிருந்து எஞ்சினியர் வந்து, கூட்டத்துக்கு நடுவில் மீட்டரைக் கழற்றிச் சோதித்து, அது பழுதில்லை என்று எழுதிக் கொடுத்தார். ஒரு காலத்தில் மீட்டர் படிக்க அக்காவுடன் தெருத் தெருவாக அலைந்தவர்தான். எண்ணைக் கொஞ்சம் சத்தமாகவே படித்தாராம். பைக் நிறுத்துமிடத் தீர்மானம் கூட்டத்துக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்று யாரும் விளக்கமும் கேட்கவில்லை. அதற்கடுத்த வாரம் பூட்டு திறந்தது.

அக்கா பத்து நாள் போகவில்லை. முகம் கொடுக்கத் தயக்கம். கடைசியில் கணவர்தான், "மீட்டர் எவ்வளவு காட்டுதுன்னு உனக்குப் பாக்க வேண்டாமா?" என்றார். அந்தத் தூண்டிலுக்கு அக்கா எப்போதும் சிக்குவார்.

காலை பதினோரு மணி. நேரே ஆறாம் நடைமேடைக்குப் பின்னால் போய் மூடியைத் தூக்கினார். 04439. கண்ணெதிரே கடைசிச் சக்கரம் மெதுவாகத் திரும்பியது. உள்ளே யாரோ கை கழுவுகிறார்கள். அக்கா அதைப் பார்த்தபடி குந்தியே இருந்தார். எழுந்தபோது இடுப்பு பிடித்துக்கொண்டது.

லக்கேஜ் ரூமில் அந்தப் பெண் பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"வாங்கக்கா," என்றாள். போன தடவை அக்கா இல்லை, 'நீங்க' மட்டும்தான். "ஒரு வருஷம் உங்க கடிதத்தைப் போட மாட்டாங்களாமே?"

"ஆமாம்மா. பரவாயில்லை. நீ ஏன் எழுதினே? உன் வேலைதான் திரும்பக் கிடைச்சுடுச்சே. மறுபடியும் வம்பு எதுக்குன்னு இருந்திருக்கலாமே?"

அவள் ஒரு பெட்டியைத் தள்ளி வைத்துவிட்டு யோசித்தாள்.

"நீங்க பொய் சொன்னேன்னு உங்க பேரைப் போட்டு எழுதினீங்க. நான் உண்மையைச் சொல்ல எம் பேரைப் போடக் கூடாதான்னு இருந்துச்சு. கோபம்தான், வேற ஒண்ணுமில்ல."

சொல்லிவிட்டுப் பையிலிருந்து பாட்டிலை எடுத்தாள். மூடியைத் திருகினாள். தலையை அண்ணாந்து, நிறுத்தாமல், பாதி பாட்டில் குடித்தாள். தொண்டை ஏறி இறங்குவதை அக்கா பார்த்துக்கொண்டே இருந்தார். பார்த்தது. இது பார்த்தது. கைநோட்டில் குறிக்கக் கை போனது, குறிக்கவில்லை.

"ஒரே ஒரு கஷ்டம்க்கா," என்றாள் அவள் வாயைத் துடைத்துக்கொண்டு. "அதைப் பாருங்க."

நான்காம் நடைமேடைச் செடி தலை தொங்கிக் கிடந்தது. பத்து நாளாக அதற்கு யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. ஊற்ற வேண்டிய தண்ணீரெல்லாம் இப்போது போக வேண்டிய இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

அக்கா காலி பாட்டில் ஒன்றைக் கேட்டு வாங்கினார். ஆறாம் நடைமேடைக்குப் போய், திறந்திருந்த கதவு வழியாக உள்ளே நுழைந்து, குழாயைத் திருகிப் பாட்டிலை நிரப்பிக்கொண்டு வந்து செடிக்கு ஊற்றினார். ஒரு பாட்டில் போதவில்லை. இன்னொரு தடவை போனார்.